எதிரொலியால் உலகைக் காண்பவை: வௌவால், டொல்பின் ஆய்வுகளும் எமது நிலமும் கடலும்

வௌவாலையும் டொல்பினையும் ஒரே கட்டுரையில் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒன்று இரவில் பறப்பது. மற்றையது கடலில் நீந்துவது. ஆயினும் வௌவால் பறவை அல்ல, டொல்பின் மீனும் அல்ல. இரண்டும் குட்டி ஈன்று பாலூட்டும் விலங்குகள். கண்ணுக்கு எட்டாத இருளிலும் ஆழத்திலும் தமது ஒலியின் எதிரொலியைக் கேட்டே வழி அறிபவை. இரண்டும் மெதுவாகவே பெருகுபவை. பெரும்பாலான வௌவால்கள் ஒரு முறை ஈனும்போது ஒரு குட்டியையே ஈனுகின்றன. டொல்பின் ஏறத்தாழ ஓர் ஆண்டு கருவைச் சுமந்து, பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு குட்டியை ஈனுகிறது. ஒரு கூட்டம் அழிந்தால் அதை ஈடு செய்யப் பல ஆண்டுகள் செல்லும் என்பதே இதன் பொருள்.

வடக்கு கிழக்கில் வாழும் எமக்கு இவற்றைப் பற்றி அறிய மேலும் ஒரு காரணம் உண்டு. மூன்று தசாப்த காலப் போர் எமது காடுகளையும் கடலையும் ஆய்வாளர்களுக்கும் மூடி வைத்தது. இன்று அதே காணியிலும் கடலிலும் காற்றாலை, சுற்றுலா, மணல் அகழ்வு, மீன்பிடி என்று பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அங்கு என்ன வாழ்கிறது என்ற பதிவு இல்லாத இடத்தில் எடுக்கப்படும் முடிவுக்கு விலை கொடுப்பவை அந்த விலங்குகள் மட்டுமல்ல, அந்த மண்ணில் வாழும் மக்களும்தான்.

காதால் பார்த்தல்

இத்தாலிய ஆய்வாளர் லாசரோ ஸ்பலன்சானி 1793 இல் ஒரு விடயத்தைக் கவனித்தார். முற்றிலும் இருண்ட அறையில் ஆந்தை தடுமாறியது, வௌவாலோ தடையின்றிப் பறந்தது. கண்கள் மறைக்கப்பட்டபோதும் அது பறந்தது. காதுகள் அடைக்கப்பட்டபோது மட்டுமே சுவர்களில் மோதியது. காதால் எப்படிப் பார்க்க முடியும் என்ற கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. 1938 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர், இயற்பியலாளர் ஜோர்ஜ் பியர்ஸ் உருவாக்கிய கருவியின் முன்னால் வௌவால்களைக் கொண்டுவந்தபோது அந்த விடை வெளிப்பட்டது. மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸ் வரையான ஒலியையே கேட்கும். வௌவால் அதற்கு மேலான அதிர்வெண்ணில் இடைவிடாது ஒலி எழுப்பி, பூச்சியிலும் மரத்திலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. 1944 இல் கிரிஃபின் இதற்கு எதிரொலி இடங்காணல் என்ற பொருளுடைய பெயரைச் சூட்டினார்.

டொல்பின்களுக்கும் இதே ஆற்றல் உண்டு என்பதை 1960 அளவில் கென்னத் நொரிஸ் குழுவினர் காட்டினர். கண்கள் மென்மையான இறப்பர் மூடிகளால் மறைக்கப்பட்ட டொல்பின், தடைகளுக்கு இடையே பிசகின்றி நீந்தியது. வௌவால் தொண்டையில் ஒலியை உண்டாக்குகிறது. டொல்பினோ மூக்குப் பாதையில் ஒலியை உண்டாக்கி, நெற்றியிலுள்ள கொழுப்புத் திரளின் ஊடாக முன்னோக்கிச் செலுத்துகிறது. திரும்பும் ஒலியை அது கீழ்த்தாடை வழியாக உட்காதுக்கு வாங்கிக்கொள்கிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும், நீரில் ஏறத்தாழ 1500 மீற்றர் செல்லும். கலங்கிய கடலில் சில மீற்றருக்கு அப்பால் கண் பயன்படாதபோது டொல்பினுக்கு ஒலியே விளக்கு.

இவ்விரு இனங்களும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை அல்ல. இருந்தும் உட்காதில் நுண் ஒலியைக் கேட்க உதவும் பிரெஸ்ரின் என்ற புரதத்தில் இரண்டுக்கும் ஒரே வகையான மாற்றங்கள் நிகழ்ந்திருப்பதை 2010 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஒரே சிக்கலுக்கு இயற்கை இரு முறை ஒரே விடையைக் கண்டதற்கு இது பெயர் பெற்ற எடுத்துக்காட்டாகும்.

எல்லா வௌவால்களும் இப்படி அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். எமது ஊர்களில் ஆலிலும் மருதிலும் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் கண்ணையும் மோப்பத்தையும் நம்பியே வாழ்கின்றன. குகைகளில் தங்கும் ஒரு வகைப் பழந்தின்னி மட்டும் நாக்கைத் தட்டி எழும் ஒலியால் இருளில் வழி அறிகிறது.

களத்தில் நடப்பது என்ன?

வௌவால் ஆய்வாளரின் வேலை பொழுது சாயும்போது தொடங்குகிறது. தங்குமிடத்திலிருந்து புறப்படும் வௌவால்களை எண்ணுவதே அடிப்படைப் பணி. மெல்லிய நூல் வலைகளில் சிக்குபவற்றை எடுத்து, முன்கையின் நீளம், நிறை, பால், குட்டி சுமக்கிறதா என்பவற்றைக் குறித்துக்கொண்டு சில நிமிடங்களில் விட்டுவிடுவர். நுண் ஒலியைப் பதிவு செய்யும் கருவிகள் இரவு முழுவதும் இயங்கும். இனத்துக்கு இனம் ஒலியின் அதிர்வெண்ணும் வடிவமும் வேறுபடுவதால், வௌவாலைத் தொடாமலேயே பல இனங்களை இனங்காண முடிகிறது. எச்சத்திலுள்ள மரபணுவைப் பகுத்தால் அது எந்தப் பூச்சியைத் தின்றது என்பதும் தெரியவரும்.

டொல்பின் ஆய்வில் முதற் கருவி ஒளிப்படம். டொல்பின்களின் முதுகுத் துடுப்பில் காலப்போக்கில் வெட்டுகளும் தழும்புகளும் சேர்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள அட்டை போன்றவை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து சரசோட்டா விரிகுடாவில் 1970 இல் தொடங்கிய ஆய்வு இன்றுவரை தொடர்கிறது. ஒரே குடும்பத்தின் பல தலைமுறைகளை அறிந்த ஆய்வு அது. அங்கு ஒரு பெண் டொல்பின் அறுபது வயதையும் கடந்து வாழ்ந்தது பதிவாகியுள்ளது. ஒவ்வொரு டொல்பினும் தனக்கே உரிய ஒரு சீழ்க்கை ஒலியைக் கொண்டிருக்கிறது. அதை மற்றொருவர் ஒலித்தால் பெயர் சொல்லி அழைத்தது போல அது மறுமொழி தருகிறது என்பதை ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்டனர். அவுஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் சில டொல்பின்கள் கடற்பஞ்சை மூக்கில் மாட்டிக்கொண்டு கடலடியைக் கிளறி இரை தேடுகின்றன. இந்தத் தொழிலைத் தாயிடமிருந்தே குட்டி கற்றுக்கொள்கிறது.

வௌவால் ஆய்வில் தமிழகத்துக்கும் சிறப்பான இடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து ஆகியோர் மதுரைக்கு அருகிலுள்ள ஒரு குகையில் நீண்டகாலம் ஆய்வு செய்தனர். பகலொளி எட்டாத குகைக்குள் அடைத்து வைக்கப்பட்ட ஒரு வௌவால், வெளியே போய்வரும் தன் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டே பொழுதை அறிந்தது. கூட்டம் இல்லாத குகையில் அதே இன வௌவாலின் உடற்கடிகாரம் வெளிக்காலத்தோடு ஒட்டாமல் தன் போக்கில் ஓடியது. 1981 இல் வெளியான இந்த முடிவு, கூட்டமும் ஒரு கடிகாரம் என்பதைக் காட்டியது.

இலுப்பையும் நெல்லும்

ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது எமது பழமொழி. அந்த இனிப்பைத் தேடி மனிதருக்கு முன்பே வந்தவை வௌவால்கள். இலுப்பைப் பூக்கள் இரவில் மணக்கின்றன. சதைப்பற்றுள்ள பூவைத் தின்னவரும் பழந்தின்னி வௌவால்கள் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு செல்கின்றன. பின்னர் பழத்தைத் தொலைவுக்குத் தூக்கிச் சென்று சதையை உண்டு விதையைக் கீழே போடுகின்றன. தென்னிந்தியாவில் நடந்த கள ஆய்வுகள் இலுப்பையிலும் வௌவாலின் இந்தப் பங்கை உறுதி செய்துள்ளன. இலவம் பூக்களையும் இரவில் வௌவால்கள் நாடுகின்றன. இலுப்பைக்குளம், இலுப்பைக்கடவை என்று ஊர்ப்பெயர்களில் நிற்கும் மரம் வன்னியில் மறுபடியும் தழைக்க வேண்டுமானால், விதைப்பவனுக்கும் இடம் வேண்டும். போரில் இலட்சக்கணக்கில் பனைகளையும் நிழல்மரங்களையும் இழந்த மண்ணில், கூலி கேட்காமல் இரவிரவாக விதை பரப்பும் உயிர் இது.

பூச்சி உண்ணும் சிறு வௌவால்களின் பணி வயலில் நடக்கிறது. தாய்லாந்தில் குகைகளில் வாழும் ஓர் இன வௌவால், நெல்லைத் தாக்கும் வெண்முதுகுத் தத்தியை உண்கிறது. அந்த ஓர் இனம் மாத்திரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2900 தொன் நெல் இழப்பைத் தடுக்கிறது என்றும், அது ஏறத்தாழ 26,000 பேரின் உணவு என்றும் 2014 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தத்தியால் வயல் எரிந்தது போலக் காய்வதைக் கண்ட விவசாயிக்கு இந்த எண்ணிக்கையின் பொருளை விளக்கத் தேவையில்லை.

வௌவால் இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா துயரத்துடன் அறிந்துகொண்டது. 2006 இல் நியூயோர்க் மாநிலத்துக் குகையொன்றில் முதலில் காணப்பட்ட வெண்மூக்கு நோய், ஒருவகைப் பூஞ்சையால் வருவது. அது பல மில்லியன் வௌவால்களைக் கொன்றது. நோய் பரவிய மாவட்டங்களில் விவசாயிகள் பயன்படுத்திய பூச்சிகொல்லியின் அளவு சராசரியாக 31 வீதம் அதிகரித்தது. அதே இடங்களில் குழந்தை இறப்பும் ஏறத்தாழ 8 வீதம் உயர்ந்தது என்று 2024 இல் பொருளியல் ஆய்வாளர் எயல் பிராங்க் வெளியிட்டார். வௌவாலுக்கும் தொட்டிலுக்கும் இடையே இப்படியொரு தொடர்பு இருக்கும் என்று எவரும் முன்னர் நினைத்ததில்லை.

அச்சமும் உண்மையும்

பாழடைந்த வீடு என்றால் வௌவால் அடைந்த வீடு என்பது எமது வழக்கு. இடப்பெயர்வுக்குப் பின் ஊர் திரும்பிய பலருக்கு அது வெறும் வழக்கு அல்ல. கூரை போன வீடுகளிலும் கைவிடப்பட்ட கட்டடங்களிலும் அவை குடியேறியிருந்தன. அவற்றின் மீதான வெறுப்புடன் நோய் அச்சமும் சேர்ந்துகொண்டது.

அச்சத்துக்கு அடிப்படை உண்டு. மலேசியாவில் 1998, 1999 காலப்பகுதியில் நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிலிருந்து பன்றிகளுக்கும் அங்கிருந்து மனிதருக்கும் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2018 இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. வங்காளதேசத்தில் பேரீச்ச மரத்தின் பதனீர்க் கலயத்தில் இரவில் வௌவால்கள் வாய் வைப்பதே நோய்க்கு முக்கிய வழி என்று கண்டறியப்பட்டது. அங்கு ஆய்வாளர்கள் பரிந்துரைத்த தீர்வு மிக எளியது. கலயத்தையும் மரத்தில் சீவிய இடத்தையும் மூங்கில் தட்டியால் மூடி வைப்பது, பச்சைப் பதனீரைக் குடிக்காமல் காய்ச்சிக் குடிப்பது ஆகியவையே அவை. வௌவாலைக் கொல்வது அந்தப் பட்டியலில் இல்லை. கொல்லும்போதும் விரட்டும்போதும் அவை கலைந்து புதிய இடங்களுக்குப் பரவுகின்றன. மன அழுத்தத்துக்கு ஆளான வௌவால் கூடுதலாக வைரஸை வெளியேற்றக்கூடும் என்பதும் ஆய்வாளர்களின் கவலை.

பழத்தோட்டக்காரருக்கும் மொரிசியஸ் தீவு ஒரு பாடம். மாம்பழத்தையும் லைச்சிப் பழத்தையும் காக்க 2015 முதல் அங்கு அரசே பல்லாயிரம் பழந்தின்னி வௌவால்களைக் கொன்றது. 2018 இல் அந்த இனம் உலகச் செம்பட்டியலில் அழியும் ஆபத்துள்ள நிலைக்குத் தள்ளப்பட்டது. மரத்தைக் கவாத்துச் செய்து தாழ்வாக வளர்த்து, காய்க்கும் பருவத்தில் வலையால் போர்த்துவதே பழத்தைக் காக்கும் வழி.

திருகோணமலைக் கடலும் விடுபட்ட பக்கங்களும்

இலங்கையைச் சூழ்ந்த கடல், டொல்பின்களுக்கும் திமிங்கிலங்களுக்கும் உலகளவில் முக்கியமானது. 1979 இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கில சரணாலயமாக அறிவித்தது. அதன் தொடர்ச்சியாகத் துலிப் என்ற சிறு பாய்க்கப்பல் 1980களின் தொடக்கத்தில் இலங்கைக் கடலுக்கு வந்தது. ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன், அபிகேல் அலிங் போன்ற ஆய்வாளர்கள் அதில் பணிபுரிந்தனர். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரம் மீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்குகிறது. கரைக்கு மிக அருகிலேயே நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் காணப்படுவதற்கு அதுவே காரணம். அங்கு நடந்த பதிவுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன.

ஆனால் 1983 இன் பின்னர் நிலைமை மாறியது. போர் தீவிரமடையக் கிழக்குக் கடல் ஆய்வாளருக்கு மட்டுமன்றி அங்கு வாழ்ந்த கடற்றொழிலாளருக்கே மூடப்பட்டது. பின்னாளில் ஆய்வும் சுற்றுலாவும் தென்கரையில் வளர்ந்தன. ஆஷா டி வொஸ் 2008 இல் தொடங்கிய நீலத் திமிங்கில ஆய்வு, தெற்குக் கப்பல் பாதையில் திமிங்கிலங்கள் மோதுண்டு இறப்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியது. தொடர்ந்த முயற்சிகளின் பயனாக 2022 இல் எம்.எஸ்.சி. என்ற பெரும் கப்பல் நிறுவனம் தனது கப்பல்களைத் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. பல ஆண்டுக் களப்பதிவு கையில் இருந்ததாலேயே இது இயன்றது. பதிவு இல்லாத கடலுக்காக எவரும் கப்பலைத் திருப்ப மாட்டார்கள்.

ஒரேயொரு உடலின் பதிவும் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1963 இல் இரத்மலானைக் கரையில் ஒதுங்கிய ஓர் அலகுத் திமிங்கிலத்தைக் கொழும்பு நூதனசாலையின் பி. ஈ. பி. தெரணியகல புதிய இனம் என்று விவரித்தார். மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. எலும்புகள் பாதுகாக்கப்பட்டிருந்தமையால் 2014 இல் மரபணுச் சோதனை அவர் கூறியதே சரி என்று நிறுவியது. தீர்ப்புக்கு அரை நூற்றாண்டு ஆனது, சாட்சி அழியாமல் இருந்ததே காரணம்.

வலை, வெடி, நஞ்சு

டொல்பின்களுக்கு இன்று மிகப்பெரிய ஆபத்து வலையே. இந்து சமுத்திரத்தில் சூரை மீனுக்காக விரிக்கப்படும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை ஏறத்தாழ 41 இலட்சம் டொல்பின்களும் சிறு திமிங்கிலங்களும் சிக்கியிருக்கலாம் என 2020 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அதிகம் சிக்கும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பெரும்பாலான கடற்றொழிலாளர்கள் டொல்பினுக்காக வலை விரிப்பதில்லை. அது சிக்கினால் வலை கிழிகிறது, உழைப்பும் பாழாகிறது. இதற்கும் செலவு குறைந்த வழி ஒன்று பாகிஸ்தானில் சோதிக்கப்பட்டது. வலையின் மேல்விளிம்பை நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மீற்றர் கீழே இறக்கி விரித்தபோது, சிக்கும் டொல்பின்களின் எண்ணிக்கை நான்கில் ஒன்றுக்கும் குறைவாகியது என்று 2021 இல் முடிவு வெளியானது. இந்தச் சோதனைக்கான தரவைச் சேர்த்தவர்கள் படகில் சென்ற மீனவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டவிரோத டைனமைற் மீன்பிடி மற்றொரு கேடு. வெடியின் அதிர்வு மீன்களை மட்டும் கொல்வதில்லை. வெடிப்புகளுக்கு அருகில் இறந்த திமிங்கிலங்களின் உட்காது சிதைந்திருந்தமை கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் கண்டறியப்பட்டது. ஒலியால் வாழும் உயிர் காதை இழந்தால் கண்ணை இழந்ததற்கு ஒப்பாகும். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியதைத் தொடர்ந்து 176 ஆமைகள், 20 டொல்பின்கள், 4 திமிங்கிலங்கள் இறந்து ஒதுங்கியதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டதையும் மறக்க முடியாது.

மன்னாரின் காற்று

காற்றாலை பற்றி மன்னார் மக்கள் எழுப்பும் கேள்விகளில் வௌவாலுக்கும் இடமுண்டு. தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகள் 2020 இன் இறுதியில் திறந்து வைக்கப்பட்டன. மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025 இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். காற்றாலை இறக்கைகளில் மோதி வௌவால்கள் பெருமளவில் இறப்பது வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நன்கு பதிவாகியுள்ளது. காற்று மெல்ல வீசும் இரவுகளிலேயே அவை அதிகம் பறக்கின்றன. அந்த நேரத்தில் இறக்கைகளைச் சுழலவிடாது வைத்தால் இறப்பு 44 முதல் 93 வீதம் வரை குறைகிறது என்றும், அதனால் ஆண்டு முழுவதும் இழக்கும் மின்சாரம் ஒரு வீதத்துக்கும் குறைவு என்றும் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வு 2011 இல் காட்டியது. எனவே சுற்றாடல் அறிக்கை ஒன்று மக்கள் முன் வைக்கப்படும்போது கேட்க வேண்டியவை தெளிவானவை. வௌவால்கள் எத்தனை இரவுகள், எந்தப் பருவங்களில் எண்ணப்பட்டன? காற்றாலைகளின் கீழ் இறந்த உடல்களைத் தேடியவர் யார்? குறைந்த காற்றில் நிறுத்திவைக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் உள்ளதா?

நாம் செய்யக்கூடியவை

கரையொதுங்கும் டொல்பினையோ திமிங்கிலத்தையோ கண்டால், வாலையும் துடுப்பையும் பிடித்து இழுக்கக்கூடாது. வயிறு கீழே இருக்குமாறு நிமிர்த்தி, ஈரத்துணியால் போர்த்தி, தலையின் மேலுள்ள மூச்சுத்துளைக்குள் நீரும் மணலும் புகாமல் காத்து, கூட்டத்தை விலக்கி, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றளவில் கரையொதுங்கிய கட்டைமூக்குத் திமிங்கிலங்களுள் பெரும்பாலானவை ஊர் மக்களும் கடற்படையினரும் இரவு முழுவதும் உழைத்ததால் உயிர் பிழைத்தன. இறந்து ஒதுங்கியதையும் புதைப்பதற்கு முன் நாள், இடம், நீளம், ஒளிப்படம் ஆகியவற்றைப் பதிந்து வையுங்கள்.

வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கடித்துப் போட்ட பழத்தை உண்ணாதீர்கள். வீட்டுக் கூரையிலிருந்து அவற்றை அகற்ற வேண்டுமானால், குட்டிகள் பறக்கப் பழகிய பின்னர், அவை இரவில் வெளியேறியதும் துளைகளை அடையுங்கள். ஊர்ப் பொதுவிலும் கோயில் வளவிலும் வௌவால் அடையும் முதுமரங்களைக் காத்து வையுங்கள்.

இவற்றுக்கு மேலாக, பதிவு செய்யும் பழக்கம் எமக்கு வேண்டும். ஒரு பாடசாலையின் உயர்தர விஞ்ஞான மாணவர்கள் மாதம் ஒரு மாலை ஓர் ஆலமரத்தடியில் நின்று புறப்படும் வௌவால்களை எண்ணிக் கொப்பியில் எழுதலாம். ஒரு கடற்றொழிலாளர் சங்கம் டொல்பின் கண்ட நாளையும் இடத்தையும் ஒரே புத்தகத்தில் குறித்து வரலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் விலங்கியல் கற்பிக்கும் துறைகள் உள்ளன. அந்தப் பதிவுகளை அங்கு கொண்டு சேர்க்கலாம். பத்து ஆண்டு தொடர்ந்தால் அது எவராலும் புறந்தள்ள முடியாத ஆவணமாகும். எமது நிலத்தையும் கடலையும் பற்றி மற்றவர்கள் முடிவெடுக்க அமரும் மேசையில், அந்தக் கொப்பியும் வைக்கப்பட வேண்டும்.